நீலக்கடல் பாலை நிலமா?

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் மரபு நிலத்தை ஐந்தாகப் பகுத்தது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பெயர் பெற்றன. ஐந்தனுள் பாலைக்கு மட்டும் தனியே ஒரு நிலம் வகுக்கப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து வறண்டு நிற்கும் நிலையே பாலை எனப்பட்டது. ஆகவே பாலை என்பது ஓர் இடத்தின் பெயர் அன்று. ஒரு நிலைமையின் பெயர். இந்த நுட்பமான பகுப்பை மனத்தில் இருத்திக்கொண்டு ஒரு வினாவை எழுப்பலாம். நெய்தலுக்குள்ளும் ஒரு பாலை உண்டா?

நெய்தற் புலவர்கள் கரையில் நின்று கடலைக் கண்டவர்கள். புன்னையும் தாழையும், கழியும் கானலும், வலையும் மீனும் அவர்கள் கண்ட உலகம். கரையோரக் கடல் பசுமை கலந்தது, கலங்கியது, வளம் மிக்கது. கரையை விட்டுப் பல நூறு கல் தொலைவு சென்றால் நீரின் நிறம் மாறுகிறது. பசுமை மறைந்து, கருமை தோய்ந்த ஆழ்ந்த நீலம் பரவி நிற்கிறது. அந்த நீலத்தைக் கவிஞர்கள் அழகின் நிறம் என்பர். கடலியலாரோ அதனை வறுமையின் நிறம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். நீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்குக் காரணம், அதில் உயிர்ப்பொருள் மிகக் குறைவாக இருப்பதே. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆய்வுக் கருவிகளுக்கும் எட்டாத அளவுக்கு அங்கே அருகியிருக்கின்றன. எனவே நடுக்கடல் ஒரு பாலைவனம் என்ற முடிவு எளிதாகப் பிறந்தது.

அந்த முடிவு சரியா என்ற வழக்கு 1979ஆம் ஆண்டில் தீவிரமாக எழுந்தது. வழக்கிற்குச் சான்றாக வந்து நின்றவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். அவை சொன்ன சாட்சியம், அவற்றின் உடலிலுள்ள மூன்று தனிமங்களின் விகிதம். அந்தச் சாட்சியத்தின் கதையே இவ்வுரையின் பொருள்.

மிதந்து வாழும் பயிர்

நிலத்தின் பயிர் வேரூன்றி நிற்கிறது. கடலின் பயிர் மிதக்கிறது. நீரோட்டம் செலுத்தும் திசையில் சென்று, ஒளி புகும் மேல்நீரில் வாழும் இந்த நுண்ணிய தாவர மிதவையுயிர்கள் ஒற்றைச் செல்லால் ஆனவை. சிலிக்காவால் ஓடு சமைத்துக்கொள்ளும் டயாட்டம்களும் இவற்றுள் உண்டு. அவற்றுள் பெரியவற்றைக் கூர்ந்து நோக்கின் வெறுங்கண்ணாலும் காணலாம். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த புரோக்ளோரோகாக்கஸ் என்னும் உயிரும் இவற்றுள் உண்டு. வெப்பக் கடல்களில் ஒரு மில்லிலிட்டர் நீரில் அது ஒரு லட்சம் வரை இருக்கும். இவ்வளவு பல்கிய ஓர் உயிர் இருப்பது 1988ஆம் ஆண்டில்தான் உலகுக்குத் தெரியவந்தது என்பது வியப்பளிக்கும் செய்தி.

உலகிலுள்ள பச்சை உயிர்கள் எல்லாம் ஓராண்டில் உருவாக்கும் உயிர்ப்பொருளில் ஏறத்தாழ 10,500 கோடி டன் கார்பன் அடங்கியுள்ளதாக 1998இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறுகிறது. அதில் கடலின் பங்கு ஏறத்தாழ 4,850 கோடி டன். அதாவது பாதிக்குச் சற்றே குறைவு. ஆனால் எந்த ஒரு நாளிலும் கடலில் இருக்கும் மிதவைத் தாவரங்களை எல்லாம் திரட்டி நிறுத்துப் பார்த்தால், உலகின் மொத்தத் தாவரப் பொருளில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. இருப்போ மிகச் சிறிது. ஈட்டமோ மிகப் பெரிது. இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வேண்டுமானால் அந்த இருப்பு சில நாட்களுக்கு ஒருமுறை முற்றிலும் புதுப்பிக்கப்பட்டாக வேண்டும். காட்டு மரம் பல ஆண்டுகள் நின்று வளர்கிறது. கடற்பயிரோ பிறந்து, பிளந்து, இரையாகி, மீண்டும் பிறக்கிறது. ஆகவே கடலின் வளத்தை அறிய, ‘எவ்வளவு இருக்கிறது?’ என்று கேட்பது போதாது. ‘எவ்வளவு வேகமாக வளர்கிறது?’ என்றும் கேட்டாக வேண்டும். இருப்பதை அளப்பது எளிது. வளரும் வேகத்தை அளப்பது மிக அரிது. அந்த அருமையினால்தான் வழக்கு எழுந்தது.

ரெட்ஃபீல்டு கண்ட விகிதம்

ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு அமெரிக்காவில் 1890இல் பிறந்தவர். விலங்குகளின் குருதியை ஆராய்ந்த உடலியலறிஞராக வாழ்வைத் தொடங்கியவர். 1930இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உட்ஸ் ஹோல் என்னும் சிற்றூரில் கடலாய்வு நிலையம் நிறுவப்பட்டபோது அவருடைய கவனம் கடலின் பக்கம் திரும்பியது. பல கடல்களிலிருந்து எடுக்கப்பட்ட நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எவ்வளவு உள்ளன என்று அவர் ஒப்பிட்டார். இடத்துக்கு இடம், ஆழத்துக்கு ஆழம் அவற்றின் அளவு மாறியது. ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் ஏறக்குறைய மாறாதிருந்தது. அதனினும் வியப்பு, மிதவையுயிர்களின் உடலிலும் ஏறக்குறைய அதே விகிதம் காணப்பட்டது. இக்கருத்தை அவர் 1934இல் வெளியிட்டார். பின்னர் அளவீடுகள் திருத்தமுற்று, கார்பன் 106, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1 என்னும் அணுக்கணக்கு நிலைபெற்றது. இன்று அது ரெட்ஃபீல்டு விகிதம் என அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்த விகிதத்தை எடைக்கணக்காக மாற்றினால் அதன் பொருள் இன்னும் தெளிவாகும். ஒரு கிராம் பாஸ்பரஸைக் கொண்டு கடல் ஏறத்தாழ 41 கிராம் கார்பனை உயிர்ப்பொருளாகக் கட்டுகிறது; அதற்கு ஏழு கிராமுக்குச் சற்று மிகுதியான நைட்ரஜனும் தேவைப்படுகிறது. அருகிக் கிடைக்கும் ஒரு சிறு பொருள் பெரும் பொருளுக்கு அளவுகோல் ஆகிறது.

கடல்நீரின் விகிதமும் உயிரின் விகிதமும் ஒத்திருப்பது ஏன்? கடல் தந்ததை உயிர் அப்படியே ஏற்றுக்கொண்டதா, அன்றி உயிர் தன் தேவைக்கேற்பக் கடலையே மாற்றியமைத்ததா? 1958இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ரெட்ஃபீல்டு இரண்டாவது விடையின் பக்கம் நின்றார். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிணைத்து நீரில் சேர்க்கும் உயிர்களும், நைட்ரேட்டைச் சிதைத்து மீண்டும் காற்றுக்கு அனுப்பும் உயிர்களும் சேர்ந்து கடலின் நைட்ரஜன் அளவைப் பாஸ்பரஸுக்கு ஏற்ப ஒழுங்குசெய்து வந்துள்ளன என்பது அவர் கருத்து. வாழும் இடம் உயிரை உருவாக்குகிறது என்பதே பலரும் அறிந்த உண்மை. உயிரும் தான் வாழும் இடத்தை உருவாக்குகிறது என்பதை அவர் சேர்த்துச் சொன்னார். 1983இல் அவர் மறைந்தார்.

ஒரு நுட்பத்தை மட்டும் மறந்துவிடலாகாது. ரெட்ஃபீல்டு தந்தது ஒரு சராசரி. பல கடல்களின், பல இனங்களின், பல பருவங்களின் கூட்டுக்கணக்கு அது. ஒவ்வொரு செல்லும் அந்த விகிதத்துக்குக் கட்டுப்பட்டே வாழ வேண்டும் என்ற விதியை அவர் இயற்றவில்லை.

பட்டினியின் வேதியியல்

தனிச் செல்லின் கதை ஆய்வுக்கூடத்தில் வெளிப்பட்டது. உட்ஸ் ஹோலில் ரெட்ஃபீல்டோடு பணியாற்றிய பாஸ்ட்விக் கெட்சம் 1939இல் டயாட்டம் ஒன்றைப் பாஸ்பேட் இல்லாத நீரில் வளர்த்தார். அது உடனே வளர்ச்சியை நிறுத்திவிடவில்லை. தன்னுள் இருந்த பாஸ்பரஸைப் பங்கிட்டுக்கொண்டே மேலும் பிளந்தது. பாகம் பிரித்துப் பிரித்துச் சிறுத்துப்போன குடும்பச் சொத்தைப் போல ஒவ்வொரு தலைமுறையிலும் செல்லின் பாஸ்பரஸ் குறைந்தது. அவ்வாறு வறுமையுற்ற செல்லுக்கு மீண்டும் பாஸ்பேட் கிடைத்தபோது, இருளிலும்கூட அது விரைந்து உட்கொண்டு இழப்பை ஈடுசெய்தது. உட்கொள்ளுதலும் வளர்தலும் ஒன்றல்ல, இரண்டு வேறு செயல்கள் என்பது அன்று விளங்கியது.

அடுத்து ஒரு கருவி வந்தது. 1950இல் பாரிஸில் ஜாக் மோனோவும், சிகாகோவில் ஆரன் நோவிக், லியோ சிலார்டு ஆகிய இருவரும் தனித்தனியே அதன் கோட்பாட்டை வெளியிட்டனர். கீமோஸ்டாட் எனப்படும் இந்தத் தொடர் வளர்ப்புக் கலத்தின் அமைப்பு எளியது. ஒரு புறம் ஊட்டநீர் சொட்டுச் சொட்டாக உள்ளே வருகிறது. அதே அளவு நீர், வளர்ந்த செல்களோடு, மறுபுறம் வெளியேறுகிறது. ஒரு லிட்டர் கலத்தில் நாளொன்றுக்கு அரை லிட்டர் நீர் புகுந்து வெளியேறுமானால், உள்ளிருக்கும் உயிர்கள் அந்த இழப்பை ஈடுசெய்யும் வேகத்தில் வளர்ந்தே ஆக வேண்டும். மெல்ல வளர்ந்தால் கலத்திலிருந்து கழுவப்பட்டு மறைந்துபோகும். விரைந்து வளர்ந்தாலோ ஊட்டம் தீர்ந்து வேகம் தானே தணியும். இந்த எடுத்துக்காட்டில் செல்கள் ஏறத்தாழ 33 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நீர் சொட்டும் வேகத்தை மாற்றி உயிரின் வளர்ச்சி வேகத்தையே ஆய்வாளர் நிர்ணயிக்கலாம் என்பது இக்கருவியின் சிறப்பு.

ஸ்காட்லாந்தின் மில்போர்ட் ஆய்வுநிலையத்தில் மைக்கேல் ட்ரூப் இக்கருவியைக் கொண்டு, கடற்பாசி ஒன்று வைட்டமின் பி12ஐப் பயன்படுத்தும் முறையை ஆராய்ந்தார். 1968இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் பாடமாக உள்ளது. வளர்ச்சி வேகத்தை நிர்ணயிப்பது வெளிநீரில் இருக்கும் ஊட்டத்தின் அளவன்று, செல்லின் உள்ளே இருக்கும் அளவே என்றார் அவர். ஒவ்வொரு ஊட்டத்துக்கும் ஒரு குறைந்தபட்ச உள்ளிருப்பு உண்டு. அந்த அளவு மட்டுமே இருந்தால் செல் உயிரோடிருக்கும், ஆனால் வளராது. அதைப் போல் இரு மடங்கு இருந்தால் உச்ச வேகத்தில் பாதி; நான்கு மடங்கு இருந்தால் முக்கால். உள்ளிருப்பு கூடக் கூட வேகம் கூடும். ஆயினும் கூடுதலின் பயன் படிப்படியாகக் குறையும். ஆகவே செல்லின் உடற்கூற்றை அறிந்தால் அதன் வளர்ச்சி வேகத்தை ஊகிக்கலாம்; வேகத்தை அறிந்தால் கூற்றை ஊகிக்கலாம்.

இதன் காரணத்தைச் செல்லின் உறுப்புகளிலேயே காணலாம். புரதம் கட்ட நைட்ரஜன் வேண்டும். ஒளியை ஏற்கும் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. நைட்ரஜன் குன்றிய நெற்பயிர் மஞ்சளிப்பதை உழவர் அறிவர். கடற்பயிரும் அவ்வாறே பச்சையம் இழக்கிறது. ஆனால் கதிரவன் ஒளியும் கார்பனும் அதற்குத் தடையின்றிக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. கட்டிய கார்பனைப் புரதமாக்க வழியில்லாத செல், அதை மாவுப்பொருளாகவும் கொழுப்பாகவும் சேர்த்து வைக்கிறது. ரெட்ஃபீல்டு கணக்கில் ஒரு நைட்ரஜன் அணுவுக்கு 6.6 கார்பன் அணுக்கள். பட்டினியால் வேகம் தணிந்த செல்லில் அது 15, 20 என்று உயர்கிறது. பருத்திருப்பதெல்லாம் வளம் அன்று என்பதற்கு இது நல்ல சான்று.

பாஸ்பரஸின் கதை வேறுவகைப்பட்டது. புரதத்தைக் கட்டும் தறி ரைபோசோம். விரைந்து நெய்ய வேண்டுமானால் தறிகள் பல வேண்டும். ரைபோசோமின் பெரும்பகுதி ஆர்.என்.ஏ.; அந்த ஆர்.என்.ஏ.வின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பாஸ்பரஸ். ஆகவே விரைந்து வளரும் உயிர் பாஸ்பரஸ் மிகுந்த உயிராக இருக்கும் என்னும் கருதுகோளை 1990களில் ஜேம்ஸ் எல்சர், ராபர்ட் ஸ்டெர்னர் முதலியோர் வகுத்தனர். மறுபுறம், பாஸ்பரஸ் கிடைக்காமல் மெல்ல வளரும் செல்லில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 106 என்னும் கார்பன் கணக்கு பல நூறாக உயர்ந்துவிடுகிறது.

1979ஆம் ஆண்டின் வாதம்

இந்தப் பின்னணியில்தான் ஜோயல் கோல்ட்மன், ஜேம்ஸ் மெக்கார்த்தி, பீவி ஆகிய மூவரும் 1979இல் ‘நேச்சர்’ இதழில் தங்கள் கட்டுரையை வெளியிட்டனர். வளர்ச்சி வேகம் கடல் மிதவைத் தாவரங்களின் வேதிக்கூற்றை எவ்வாறு மாற்றுகிறது என்பதே அதன் பொருள். தொடர் வளர்ப்புக் கலத்தில் வளர்ந்த பாசிகள் மெல்ல வளர்ந்தபோது ரெட்ஃபீல்டு விகிதத்தை விட்டு வெகுதூரம் விலகி நின்றன. உச்ச வேகத்தை நெருங்கியபோதுதான் அவற்றின் உடல் 106, 16, 1 என்னும் கணக்கை நெருங்கியது. அப்படியானால் நடுக்கடலின் பாசிகள் எந்த நிலையில் உள்ளன? அங்குள்ள நீரை வடிகட்டி எடுத்த மிதபொருளின் கூறு ரெட்ஃபீல்டு விகிதத்தை ஒட்டியே இருப்பதாக அன்று கிடைத்த அளவீடுகள் காட்டின. ஆகவே, பட்டினி கிடப்பதாகக் கருதப்பட்ட அவ்வுயிர்கள் உண்மையில் தம் உச்ச வேகத்தை ஒட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம் என்று மூவரும் வாதிட்டனர்.

ஊட்டமே இல்லாத நீரில் உச்ச வேகம் எப்படி இயலும்? இங்கேதான் ‘இருப்பு’, ‘வரவு’ என்னும் இரண்டின் வேறுபாடு உதவுகிறது. சந்தையில் ஒரு மீன் கூடை காலியாக இருக்கிறது. மீனே வராததாலும் காலியாக இருக்கலாம். வந்த மீன் வந்தவுடன் விற்றுத் தீர்ந்ததாலும் காலியாக இருக்கலாம். கூடையைப் பார்த்து மட்டும் வாணிகத்தை மதிப்பிட முடியாது. நடுக்கடலில் நுண்விலங்குகள் பாசியை உண்கின்றன. உண்டதில் ஒரு பகுதியை அமோனியமாகவும் பாஸ்பேட்டாகவும் கழிக்கின்றன. பாசிகள் அதை அக்கணமே ஏற்றுக்கொள்கின்றன. கருவியால் அளக்கத்தக்க அளவுக்கு ஊட்டம் நீரில் தங்குவதே இல்லை. நாளொன்றுக்கு ஒருமுறை பாசிகள் இரட்டித்து, அதே நாளில் பாதி உண்ணப்படுமானால், இன்று கண்ட நீர் நாளையும் அதே தெளிவோடு இருக்கும். மேலே அசைவற்ற நீலம். உள்ளே ஓயாத பிறப்பும் இறப்பும்.

இந்த வாதம் எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. நுண்விலங்கு ஒன்று கழித்த அமோனியம் சிறு திட்டாக நீரில் நிற்கும்போதே பாசி அதைப் பற்றிக்கொள்ளும் என்று மெக்கார்த்தியும் கோல்ட்மனும் அதே ஆண்டில் வேறொரு கட்டுரையில் சொன்னபோது, மூலக்கூறுகள் விரவும் வேகத்தைக் கணக்கிட்டு, அத்தகைய திட்டு நிலைக்க வழியில்லை என 1980இல் மறுப்பு எழுந்தது. இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. ஸ்டீமன் நீல்சன் 1952இல் அறிமுகம் செய்த கதிரியக்கக் கார்பன் முறையால் அளந்தபோது நடுக்கடலின் விளைச்சல் மிகக் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. அளவீடு ஒன்று சொல்ல, உடற்கூறு வேறொன்று சொன்னது.

பின்வந்த ஆண்டுகள் அளவீட்டின் குறைகளை வெளிக்கொணர்ந்தன. 1981இல் பசிபிக்கின் மேல்நீருக்குச் சற்றுக் கீழே தேங்கியிருந்த ஆக்சிஜனைக் கணக்கிட்டவர்கள், கார்பன் முறை காட்டிய விளைச்சலால் அவ்வளவு ஆக்சிஜன் பிறந்திருக்க முடியாது என்றனர். 1982இல் ஜான் மார்ட்டினும் அவருடைய துணைவர்களும், மாதிரிநீர் எடுக்கும் கருவிகளிலிருந்து கசியும் உலோக மாசு, நடுக்கடலின் மென்மையான பாசிகளை ஒடுக்கி அளவைக் குறைத்துக் காட்டுகிறது என்று மெய்ப்பித்தனர். நோயாளியின் நாடியைப் பார்க்கப் பற்றிய கையே நாடியைத் தளர்த்திவிட்டது போன்றது இது. 1988இல் ஹவாய்க்கும் பெர்முடாவுக்கும் அருகே தொடர் அளவீட்டு நிலையங்கள் தொடங்கப்பட்டன. தூய முறைகளால் அளந்தபோது, ஹவாய் அருகே நீலக்கடலில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ அரை கிராம் கார்பன் கட்டப்படுவது தெரியவந்தது. முன்னர்க் கருதியதை விட இது மிகுதி. 1995இல் நிலநடுக்கோட்டுப் பசிபிக்கில், செல்லின் டி.என்.ஏ. இரட்டிக்கும் காலத்தைக் கணித்து, புரோக்ளோரோகாக்கஸ் ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை பிளக்கிறது என்று கண்டனர். பட்டினியில் வாடும் உயிரின் வேகம் அன்று அது.

சாட்சியத்தின் எல்லை

வாதத்தின் முடிவு பெரிதும் வலுப்பெற்றது. ஆயினும் அதன் சான்று முழுவதும் குற்றமற்றது ஆகிவிடவில்லை. மூன்று தடைகள் சுட்டப்பட்டன.

முதலாவது, ஒளி. ஊட்டம் குறைந்து வேகம் தணிந்தால் உடற்கூறு மாறுகிறது. ஒளி குறைந்து வேகம் தணிந்தால் கார்பன் கட்டும் பணியும் உடன் தணிவதால் விகிதம் அவ்வளவு மாறுவதில்லை. எனவே ரெட்ஃபீல்டு விகிதத்தில் இருக்கும் செல் விரைந்து வளர்வதாகவும் இருக்கலாம். இருளில் மெல்ல வளர்வதாகவும் இருக்கலாம். இரண்டாவது, கலப்பு. வடிகட்டியில் தங்குவது பாசி மட்டுமன்று. பாக்டீரியாவும் நுண்விலங்கும் செத்த துகளும் அதில் உண்டு. கூட்டத்தின் கூறு ஒருவரின் கூறு ஆகாது. மூன்றாவது, இனம். 2003இல் புரோக்ளோரோகாக்கஸின் உடற்கூற்றை அளந்தபோது, போதிய பாஸ்பரஸ் தந்து வளர்த்த நிலையிலும் அதன் கார்பன் கணக்கு 106ஐத் தாண்டியே நின்றது. 2006இலும் 2009இலும் வந்த ஆய்வுகள் இன்னொரு விந்தையைக் காட்டின. பாஸ்பரஸ் அருகிய கடலில் வாழும் பாசிகள், செல்சவ்வில் பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகக் கொழுப்பை வைத்துக்கொள்கின்றன. மரம் கிடைக்காத ஊரில் மூங்கிலால் கூரை வேய்வது போன்ற சிக்கனம் அது. இத்தகைய உயிர், பாஸ்பரஸ் குறைந்திருந்தும் வேகம் குறையாமல் வாழ முடியும்.

2004இல் கிறிஸ்டோபர் கிளவுஸ்மையரும் உடன் ஆய்ந்தோரும், நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள 16 என்னும் எண் எல்லா நிலைக்கும் உரிய உச்சநிலை அன்று என்று கணித்துக் காட்டினர். சூழ்நிலைக்கேற்ப உகந்த விகிதம் 8 முதல் 45 வரை அமையலாம் என்பது அவர்கள் முடிவு. 2013இல் ஆடம் மார்ட்டினியும் அவருடன் பணிபுரிந்தோரும் உலகக் கடல்களின் மிதபொருள் அளவீடுகளைத் தொகுத்தனர். குளிர்ந்த, ஊட்டம் மிக்க உயர் அகலாங்குக் கடல்களில் விகிதம் 78, 13, 1. வெப்பமும் ஊட்டமும் மிக்க, ஆழ்நீர் மேலெழும் பகுதிகளில் 137, 18, 1. வெப்பமான, ஊட்டம் வறண்ட நடுக்கடற் சுழல்களில் 195, 28, 1. உலகம் முழுவதும் ஒரே விகிதம் என்ற நம்பிக்கை அத்துடன் தளர்ந்தது.

அப்படியானால் 1979ஆம் ஆண்டின் வாதம் வீழ்ந்துவிட்டதா? எண்களை நிதானமாக வகுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். நடுக்கடலில் கார்பன் 195, நைட்ரஜன் 28. ஒன்றை மற்றொன்றால் வகுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 7. ரெட்ஃபீல்டு கணக்கில் அது 6.6. இரண்டும் நெருங்கியவை. நைட்ரஜன் பட்டினிக்கு அடையாளமான 15, 20 என்னும் எண்களின் சாயலே அங்கு இல்லை. விலகி நிற்பது பாஸ்பரஸ் மட்டுமே. அதற்கும் இனத்தின் இயல்பும் உடலின் சிக்கனமும் காரணமாகலாம். ஆக, பாஸ்பரஸைச் சான்றாகக் கொண்ட பகுதி தளர்ந்தது. நைட்ரஜனைச் சான்றாகக் கொண்ட பகுதி நின்றது. நல்ல ஆய்வு பெரும்பாலும் இவ்வாறே வாழ்கிறது. முழுதும் வெல்வதுமில்லை, முழுதும் தோற்பதுமில்லை.

எண்ணுக்குள் அடங்கிய எதிர்காலம்

செல்லுக்குள் இருக்கும் அணுக்களின் கணக்கு, கடலை அறியாத மனிதருக்கும் உரிய கணக்கு. பாசிகள் கட்டிய கார்பனில் ஒரு பகுதி ஆழத்துக்கு இறங்கி, காற்றுக்குத் திரும்பாமல் நெடுங்காலம் தங்குகிறது. ஒரு பாஸ்பரஸ் அணு குளிர்ந்த கடலில் 78 கார்பன் அணுக்களைச் சுமக்கிறது. வெப்ப நடுக்கடலில் 195ஐச் சுமக்கிறது. இரண்டரை மடங்கு வேறுபாடு. எங்கும் 106 என்று வைத்துக் கணக்கிட்டால், கடல் ஆழத்துக்கு அனுப்பும் கார்பனின் கணக்கு ஓரிடத்தில் மிகையாகவும் ஓரிடத்தில் குறையாகவும் பிழைபடும்.

கடலின் மேல்நீர் வெப்பமடைந்து வருகிறது. வெப்பநீர் இலேசானது, கனமான குளிர்நீரின் மேல் மூடிபோல் நின்று, கீழிருந்து ஊட்டம் மேலெழுவதைத் தடுக்கிறது. மூடி என்ன செய்யும் என்பதற்கு வங்கக் கடலே சான்று. தென்மேற்குப் பருவக்காற்றின்போது அரபிக்கடலில் ஆழ்நீர் மேலெழுந்து பாசி செழிக்கிறது. வங்கக் கடலிலோ கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி முதலிய ஆறுகள் கொணரும் நன்னீர் மேலே பரவி மூடியாகிறது. காற்று வீசியும் நீர் எளிதில் கலப்பதில்லை. அங்கே நன்னீர் செய்வதைப் பிற கடல்களில் வெப்பம் செய்யக்கூடும். அப்போது விளைச்சல் குறையும். ஆனால் பாசிகள் சிக்கனத்தைக் கைக்கொண்டு, இருக்கும் பாஸ்பரஸில் மிகுந்த கார்பனைக் கட்டினால் அக்குறைவின் ஒரு பகுதி ஈடாகும்.

இந்த ஈட்டுக்கும் ஒரு விலை உண்டு. கார்பன் மிகுந்து பாஸ்பரஸ் குன்றிய பாசி, உண்ணும் விலங்குக்கு வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. நன்னீர் ஏரிகளில் வாழும் டாஃப்னியா என்னும் நுண்விலங்குக்குப் பாஸ்பரஸ் குன்றிய பாசியை ஊட்டியபோது, உணவு நிறைய இருந்தும் அது வளர்ச்சி குன்றியது. கடலிலும் இவ்வாறே நிகழுமானால், காற்றின் கார்பனைக் குறைக்க உதவும் சிக்கனமே மீனுக்கும் மீனவருக்கும் இழப்பாக முடியும். ஊட்டம் குன்றிய பயிரின் பசி, அதை உண்ணும் உயிருக்கும் கைமாறுகிறது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். இருப்பைக் கண்டு சொன்னால் நடுக்கடல் பாலை. வேகத்தைக் கண்டு சொன்னால் அது பாலை அன்று. ஒவ்வொரு நாளும் விதைத்து ஒவ்வொரு நாளும் அறுக்கும் சிறு வயல். விளைந்ததெல்லாம் அன்றன்றே உண்ணப்படுவதால் அங்கே களஞ்சியம் இல்லை. களஞ்சியம் இல்லாததைக் கண்டு வயலே இல்லை என்று முன்னோர் கருதினர். ஆனால் பாலை என்பது ஒரு நிலைமையின் பெயர் என்று தமிழ் மரபு சொன்னதையும் மறத்தலாகாது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் திரிந்தது போல, வெம்மை மிகுந்தால் நெய்தலும் திரியும். அத்திரிபின் முதல் அடையாளம் நீரின் நிறத்தில் தோன்றுமுன், மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள உடல்களில், மூன்று எண்களின் மாற்றமாகத் தோன்றும். அந்த எண்களை ஆண்டுதோறும் அளந்து குறித்துவைக்கும் பணி ஹவாய்க் கடலிலும் பெர்முடாக் கடலிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகிறது.